டாக்கி: அயர்லாந்தின் ஒரு கடலோரச் சிற்றூர்

அயல்நாடு சென்று திரும்பிய அன்பர்கள் நம் சங்க இதழில் எழுதும் பிரயாணக் கட்டுரைகள் பெரும்பாலும் பெருநகரங்களைப் பற்றியவை. லண்டன் மாநகரத்தின் பாலங்களையும் பாரிஸ் நகரத்தின் வீதிகளையும் நாம் இங்கு இருந்தபடியே பலமுறை சுற்றி வந்துவிட்டோம். இம்முறை அன்பர்களை ஒரு சிற்றூருக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். அயர்லாந்தின் தலைநகரமாகிய டப்ளினுக்குத் தென்கிழக்கே, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், குன்றும் கடலும் அடுத்தடுத்து நிற்கும் இடத்தில் அமைந்த புறநகர் அது.

ஊரின் பெயரை ஆங்கில எழுத்துக் கூட்டி, 'டால்கி' என்றே நாங்கள் முதலில் சொல்லி வந்தோம். எங்கள் ஏழு வயதுப் பேத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தாத்தா, அந்த 'ல்' எழுத்தைச் சொல்லக்கூடாது. டாக்கி!" என்று திருத்தினாள். ஆகவே இக்கட்டுரையிலும் டாக்கி என்றே எழுதுகிறோம்.

எங்கள் மகள் டப்ளினில் ஒரு மருத்துவமனையில் செவிலியாகப் பணிபுரிகிறாள். மகள், மாப்பிள்ளை, பேத்தி மூவரோடும் இருந்து வர, 2025 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் நாங்கள் இருவரும் புறப்பட்டுச் சென்றோம். ஆகஸ்டு மாத இறுதி வரை அங்கே தங்கினோம். அவர்கள் ஜாகை டன் லீரி என்னும் துறைமுகப் பகுதியில் இருக்கிறது. அங்கிருந்து டாக்கிக்கு நடந்தே போகலாம். கோடையில் அந்நாட்டில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால், இராச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நிதானமாக நடந்து சென்று, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம். அவ்வாறு பல நாள் நடந்து பழகிய ஊர் இது.

ஊரைப் பார்த்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். 1978-ல் நாங்கள் பம்பாய் வந்து மாடுங்காவில் குடியேறியபோது, கும்பகோணத்திலிருந்து எங்கள் வீட்டுப் பெரியவர் ஒரு கடிதம் எழுதினார். நலம் விசாரித்த பிறகு வரிசையாகக் கேள்விகள். ரயிலடி எவ்வளவு தூரம்? அரிசி, காய்கறி சரியாகக் கிடைக்கிறதா? வைத்தியர் பக்கத்தில் உண்டா? பள்ளிக்கூடம் எப்படி? காற்றாட நடக்க இடம் உண்டா? அண்டை அயலார் எப்படிப்பட்டவர்கள்? கடைசியில், இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதிய ஒரு வரி: "குழந்தைகள் தமிழை மறந்துவிடாமல் பார்த்துக்கொள்ளவும்." கடிதம் எங்கோ தொலைந்துவிட்டது, கேள்விகள் மனத்தில் தங்கிவிட்டன. ஓர் ஊரை அளக்க அவற்றினும் நல்ல அளவுகோல் எங்களுக்கு இதுவரை கிடைத்ததில்லை. டாக்கியையும் அவற்றைக் கொண்டே அளந்தோம்.

ரயிலடி ஊரின் நடுவே இருக்கிறது. கடைவீதியிலிருந்து சில நிமிட நடை. 'டார்ட்' என்று வழங்கும் மின்சார ரயில் 1984 முதல் இக்கடற்கரையை ஒட்டி ஓடுகிறது. சுமார் அரை மணியில் டப்ளின் நகரின் மையத்தை அடையலாம். மும்பை உள்ளூர் வண்டியில் ஒற்றைக் காலில் நின்று பழகிய எங்களுக்கு, ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டு போவது சற்றுக் கூச்சமாகவே இருந்தது. போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு 1853-ல் ரயில் ஓடியதை நாம் பெருமையாகச் சொல்வோம். டப்ளினிலிருந்து டன் லீரிக்கு 1834-லேயே ரயில் வந்துவிட்டது. அயர்லாந்தின் முதல் இருப்புப்பாதை அதுவே.

டன் லீரியிலிருந்து டாக்கிக்குச் சென்ற அடுத்த பகுதி இன்னும் விந்தையானது. 1844 முதல் 1854 வரை அங்கே ஓடிய வண்டிக்கு எஞ்சின் இல்லை! தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு பெரிய இரும்புக் குழாய் பதித்திருந்தார்கள். டாக்கியில் இருந்த நீராவி இயந்திரம் குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி எடுக்கும். வண்டியின் அடியிலிருந்து குழாய்க்குள் இறங்கிய ஒரு தண்டை வெளிக்காற்றின் அழுத்தம் முன்னே தள்ள, வண்டி மேட்டில் ஏறி டாக்கியை அடையும். திரும்பும்போது சரிவே போதும், தானாக இறங்கிவிடும். இதைக் காண இங்கிலாந்திலிருந்து பெரிய பொறியியலார்கள் எல்லாம் வந்தார்கள். ஆனால் குழாயின் மேற்பிளவை மூடியிருந்த தோல் பட்டை காற்றைக் கசியவிட்டது. அதைப் பேணுவதே பெரும்பாடாயிற்று. பத்தே ஆண்டில் திட்டம் முடிவுக்கு வந்தது. 'அட்மாஸ்பியரிக் ரோடு' என்ற தெருப் பெயர் மட்டும் அதன் நினைவாக டாக்கியில் நிற்கிறது.

நாங்கள் நடந்து சென்ற பாதைக்கும் ஒரு கதை உண்டு. 'மெட்டல்ஸ்' என்று அதைச் சொல்கிறார்கள். 1807 நவம்பரில் டப்ளின் விரிகுடாவில் அடித்த புயலில் இரண்டு கப்பல்கள் கரையோரப் பாறைகளில் மோதி உடைந்தன; ஏறத்தாழ 400 பேர் மாண்டார்கள். புயலில் கப்பல்கள் ஒதுங்க ஒரு புகலிடம் வேண்டும் என்ற கோரிக்கை அதன்பின் வலுத்தது. 1817-ல் டன் லீரியில் துறைமுக வேலை தொடங்கிற்று. அதற்கு வேண்டிய கருங்கல்லில் பெரும்பகுதியை டாக்கிக் குன்றை வெட்டி எடுத்தார்கள். கல் ஏற்றிய வண்டிகள் சரிவில் இறங்கும் கனத்தில், சங்கிலியால் பிணைத்த வெற்று வண்டிகள் குன்றின்மேல் ஏறின. அந்த வண்டிப் பாதைதான் இன்று மரநிழலில் மக்கள் உலாவும் நடைபாதை. ஒரு பக்கம் ரயில், ஒரு பக்கம் வீட்டுத் தோட்டங்கள். மோட்டார் வண்டித் தொல்லை இல்லை. கல் வெட்டிய பள்ளத்தின் செங்குத்தான சுவர்களில் இப்போது இளைஞர்கள் கயிறு கட்டி ஏறிப் பழகுகிறார்கள்.

இனிக் கடைவீதி. 'காசில் ஸ்ட்ரீட்', அதாவது கோட்டைத் தெரு என்று பெயர். இடைக்காலத்தில் டப்ளின் ஆற்றின் முகத்துவாரம் மணலடித்துக் கிடந்தமையால், பெரிய கப்பல்கள் டாக்கியில் சரக்கை இறக்கின. கொள்ளையருக்கு அஞ்சிய வணிகர்கள் தங்கள் பண்டகசாலைகளைக் கோட்டைபோலக் கட்டிக்கொண்டார்கள். ஏழு இருந்தனவாம், இன்று தெருவின் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று எதிராக இரண்டு நிற்கின்றன. ஒன்றில் ஊரின் வரலாற்றைக் காட்டும் காட்சிக்கூடம் நடக்கிறது. அதனருகே செயின்ட் பெக்னெட் பெயர் கொண்ட பழைய தேவாலயத்தின் சிதைந்த சுவர்கள். அவற்றின் நிழலிலேயே ரொட்டிக் கடை, மருந்துக் கடை, பலசரக்குக் கடை, புத்தகக் கடை எல்லாம் இயங்குகின்றன. தெருவின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் பத்து நிமிடத்தில் நடந்துவிடலாம். வாரத்துக்கு வேண்டியவை எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

எல்லாம் என்றால் நம் வீட்டுக்கு வேண்டிய எல்லாம் அல்ல. உருளைக்கிழங்கும் கோசும் காரட்டும் முதல்தரமானவை. பாலும் வெண்ணெயும் அந்நாட்டுப் பசும்புல்லின் பெருமையைச் சொல்லும். வெண்டைக்காய்க்கும் கறிவேப்பிலைக்கும் இட்லி அரிசிக்கும் டப்ளினிலுள்ள இந்தியக் கடைகளை நாட வேண்டும். முருங்கைக்காய், உறைந்த பொட்டலமாகக் கிடைக்கிறது. தயிர் தோய எங்கள் வீட்டில் முதல் முறை இரண்டு நாள் ஆயிற்று. கோவிலுக்கும் நகரத்தின் மறுபுறம் போக வேண்டும். வாக்கின்ஸ்டவுன் என்னும் பகுதியில் 2020-ல் ஓர் இந்துக் கோவில் திறக்கப்பட்டிருக்கிறது.

கடைவீதியில் எங்களை மிகவும் கவர்ந்தது பொது நூலகம். சந்தா இல்லை, கட்டணம் இல்லை. புத்தகத்தைக் காலம் கடந்து திருப்பினாலும் அபராதம் இல்லை. 2019 முதல் நாடெங்கும் நூலக அபராதத்தை நீக்கிவிட்டார்கள். பேத்தி கைநிறையப் புத்தகங்களை எடுத்து வருவாள். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் இவ்வூரில் ஒரு புத்தக விழா நடக்கிறது, 2010-ல் தொடங்கியது. இச்சிற்றூருக்கு எழுத்தாளர் தொடர்பு புதிதன்று. நாடகாசிரியர் பெர்னார்டு ஷா 1866 முதல் 1874 வரை, பத்து வயதுச் சிறுவனாக இருந்த காலம் தொட்டு, டாக்கிக் குன்றின்மேல் ஒரு சிறு வீட்டில் வளர்ந்தார். ஜேம்ஸ் ஜாய்ஸ் 1904-ல் இங்குள்ள ஒரு பள்ளியில் சில காலம் ஆசிரியராக இருந்தார். நாவலாசிரியை மேவ் பின்ச்சி இவ்வூரிலேயே வாழ்ந்து 2012-ல் மறைந்தார்.

வைத்தியரைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். ஒவ்வொரு குடும்பமும் ஒரு குடும்ப வைத்தியரிடம் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். பல வைத்தியர்கள் புதியவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. அரசின் மருத்துவ அட்டை இல்லாதவர்கள் ஒருமுறை சென்று வர 50 முதல் 70 யூரோ வரை ஆகிறது. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 2023 முதல் கட்டணம் இல்லை என்பது பேத்தியின் அதிர்ஷ்டம். மருத்துவமனைகளில் காத்திருக்கும் நேரமோ நீண்டது. அதைக் குறைக்கத்தான் எங்கள் மகளைப் போன்றவர்களை அந்நாட்டார் கடல் கடந்து அழைக்கிறார்கள்.

அப்படி அழைக்கப்பட்டவள் டாக்கியிலேயே குடியிருக்க முடியுமா என்றால், முடியாது. கடலை நோக்கிய வீடுகள் பல கோடி ரூபாய் பெறும். சங்கீதக்காரர்களும் செல்வர்களும் அவற்றில் வாழ்கிறார்கள். கல்லுடைத்த தொழிலாளிகளுக்காக எழுந்த சிறு வீடுகள்கூட இன்று ஒரு செவிலியின் சம்பளத்துக்கு எட்டாதவை. டன் லீரியில் இரண்டு அறைக்கு எங்கள் பிள்ளைகள் கொடுக்கும் வாடகையைக் கேட்ட அன்று இரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் டாக்கிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அயர்லாந்தில் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவை கிறிஸ்தவ சபைகளின் பொறுப்பில் நடப்பவை. எந்த மதத்துக் குழந்தையும் ஒரே தகுதியுடன் படிக்கும் பள்ளி வேண்டும் என்று 1970-களில் இவ்வூர்ப் பெற்றோர் சிலர் ஒன்று கூடினார்கள். எதிர்ப்புக்கும் இடையூறுக்கும் இடையே 1978-ல் அவர்கள் பள்ளி திறந்தது. 'டாக்கி பள்ளித் திட்டம்' என்ற பெயர் கொண்ட அதைப் பின்பற்றி நாடெங்கும் பல பள்ளிகள் தோன்றின. எங்கள் பேத்தி படிப்பது அவ்வழியில் வந்த ஒரு பள்ளியில். அங்கே தீபாவளியும் கொண்டாடுகிறார்கள், கிறிஸ்துமஸும் கொண்டாடுகிறார்கள், ஈத் பெருநாளும் கொண்டாடுகிறார்கள். நம் குழந்தை கூச்சமின்றி நடமாட, முன்பின் அறியாத பெற்றோர் சிலர் ஐம்பது ஆண்டுக்கு முன் பாடுபட்டிருக்கிறார்கள்.

காற்றாட நடக்கும் இடங்களுக்கும் இத்தகைய வரலாறு இருப்பதைக் கண்டோம். டாக்கிக் குன்றை அடுத்த கில்லைனிக் குன்றின் உச்சியில் ஒரு கல் தூபி உண்டு. 1740, 1741 ஆம் ஆண்டுகளின் கொடுங்குளிரில் பயிர் அழிந்து ஏழைகள் வாடியபோது, அவர்களுக்குக் கூலி வேலை கொடுப்பதற்காக ஒரு நிலக்கிழார் 1742-ல் எழுப்பியது. தனியார் வசமிருந்த அக்குன்று 1887-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இன்று பெரும்பணக்காரர் மாளிகைக்கு நேர் மேலே, எவரும் காசில்லாமல் ஏறி நின்று அதே கடலைப் பார்க்கலாம். கீழே அரைவட்டமாக வளையும் விரிகுடா இத்தாலியின் நேப்பிள்ஸ் விரிகுடாவை ஒத்திருக்கிறது என்பார்கள். அதனாலேயே வீக்கோ ரோடு, சொரென்டோ ரோடு என்று தெருக்களுக்கு இத்தாலியப் பெயர் சூட்டினார்கள்.

வடக்கே சிறிது தூரத்தில் 'நாற்பது அடி' என்று பொருள்படும் பெயருடைய ஒரு கடல் குளியல் துறை இருக்கிறது. நெடுங்காலம் ஆண்கள் மட்டுமே குளித்த இடம். 1974-ல் பெண்கள் சிலர் துணிந்து இறங்கிக் குளித்து அவ்வழக்கத்தை முறித்தார்கள். இப்போது எழுபது வயது மூதாட்டிகளும் குளிர்காலத்தில்கூட அதில் முழுகி எழுகிறார்கள். நாங்கள் ஜூலை மாதத்தில் காலை நனைத்துப் பார்த்தோம். அதுவே போதுமென்று கரையேறினோம்.

ஊருக்கு எதிரே, கூப்பிடு தூரத்தில் டாக்கித் தீவு. குடியிருப்போர் இல்லை, ஆடுகளும் கடற்பறவைகளும் நீர்நாய் போன்ற சீல்களும் அதை ஆள்கின்றன. நெப்போலியன் படையெடுப்பான் என்று அஞ்சி ஆங்கில அரசு கட்டிய வட்டக் கோபுரங்களில் ஒன்று அங்கே நிற்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் டப்ளின் மக்கள் இத்தீவுக்கு வந்து, 'டாக்கித் தீவின் அரசர்' என்று ஒருவரைத் தேர்ந்து வேடிக்கையாக முடிசூட்டி மகிழ்ந்தார்கள். நாட்டில் கிளர்ச்சி மூண்ட 1798-க்கு முந்திய ஆண்டோடு அவ்விழா நின்றது. வேடிக்கை அரசரைக்கூட மெய்யரசு பொறுக்காத காலம் அது.

தீவுக்குப் படகு புறப்படும் கோலிமோர் துறையில் ஒரு கல் மேடை உண்டு. அங்கேதான் அண்டை அயலார் பற்றிய விடை எங்களுக்குக் கிடைத்தது. எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார் நாள்தோறும் அங்கே வந்து அமர்வார். முதல் வாரம் வானிலையைப் பற்றிப் பேசினார். இரண்டாம் வாரம் எங்கள் பேத்தியைப் பற்றி விசாரித்தார். மூன்றாம் வாரம் தம் கதையைச் சொன்னார்.

"எங்கள் வீட்டில் ஐந்து பேர். நான் ஒருத்திதான் இங்கே நின்றேன். மற்ற நால்வரும் டன் லீரியில் கப்பல் ஏறிவிட்டார்கள். அம்மா இறந்தபோதுதான் எல்லோரும் ஒருமுறை ஒன்றாக வந்தார்கள்" என்றார்.

அவர் குறிப்பிட்ட காலம் 1950-கள். 1951-க்கும் 1961-க்கும் இடையே மட்டும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்நாட்டை விட்டு வெளியேறினார்கள். அதற்கு நூறாண்டுக்கு முன், 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மடிந்து, ஏறத்தாழ அதே எண்ணிக்கையினர் கடல் கடந்தனர். 2022 கணக்கெடுப்பில்தான், 1851-க்குப் பிறகு முதல் முறையாக, அயர்லாந்துக் குடியரசின் மக்கள்தொகை 50 லட்சத்தைத் தாண்டிற்று. அதே கணக்கில் அங்கு வாழும் இந்தியக் குடிமக்கள் சுமார் 45,000 பேர். புயலில் கப்பல்களைக் காக்கவென்று டாக்கிக் கல்லால் கட்டிய துறைமுகம் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை வழியனுப்பிற்று. இன்று அவர்கள் விட்டுச் சென்ற நாட்டுக்கு நம் பிள்ளைகள் போகிறார்கள்.

"உங்கள் மகள் ஊருக்குத் திரும்பி வருவாளா?" என்று அந்த அம்மையார் கேட்டார். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். விடை சொல்லத் தெரியவில்லை.

நல்லதை மட்டும் எழுதினால் இதைப் படித்துத் தம் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கு நாங்கள் துரோகம் செய்தவர்கள் ஆவோம். நாங்கள் அங்கிருந்த ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் டப்ளினிலும் அதன் புறநகர்களிலும் இந்தியர் சிலர் தாக்கப்பட்டார்கள். எச்சரிக்கையாக இருக்கும்படி இந்தியத் தூதரகம் ஆகஸ்டு முதல் நாள் அறிவிப்பு விடுத்தது. அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் தாக்குதல்களைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டார். டாக்கியிலோ டன் லீரியிலோ எங்களை எவரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. ஆயினும் மகள் இரவுப் பணி முடிந்து கடைசி ரயிலில் வரும் நாட்களில், கதவு திறக்கும் ஓசை கேட்கும் வரை எங்களுக்கு உயிர் இல்லை. இதை எப்படியோ அறிந்த கீழ்வீட்டுக்காரர், "மாப்பிள்ளைக்கும் இரவு வேலை உள்ள நாட்களில் நான் ரயிலடிக்குப் போய் அழைத்து வருகிறேன்" என்று தாமே முன்வந்தார். இரண்டு முறை அழைத்தும் வந்தார். அயலார் எப்படிப்பட்டவர்கள் என்ற கேள்விக்கு இவ்விரண்டையும் சேர்த்தே விடை சொல்ல வேண்டும்.

கடைசி வரி ஒன்று பாக்கி இருக்கிறது. டாக்கி ரயிலடியின் பெயர்ப்பலகையில் இரு மொழிகளில் பெயர் இருக்கிறது. ஆங்கிலத்தோடு ஐரிஷ் மொழியில் 'டெல்கினிஷ்'. முள் தீவு என்பது அதன் பொருளாம். எதிரே உள்ள தீவின் பெயர் ஊருக்கு ஆகிவிட்டது. கடலோடிகளாக வந்த வைக்கிங்குகள் தீவைக் குறிக்கும் தங்கள் சொல்லை அதன் வாலில் ஒட்டினார்கள்; ஆங்கிலேயர் வாய்க்கு அது டாக்கி ஆயிற்று. பிறகு வந்தவர்கள் தெருக்களுக்கு இத்தாலியப் பெயர் வைத்தார்கள். எல்லா மொழிக்கும் இவ்வூரில் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் முதலில் பெயர் வைத்த ஐரிஷ் மொழியை நாங்கள் மூன்று மாதத்தில் டாக்கித் தெருவில் ஒருவர் வாயிலும் பேச்சாகக் கேட்கவில்லை; ரயிலின் அறிவிப்பில்தான் கேட்டோம்.

அம்மொழி எப்படி மெலிந்தது என்பதை அறிந்தபோது எங்களுக்கு உள்ளூரச் சுட்டது. அந்நியர் ஆட்சியின் நெருக்கடி ஒரு காரணம். அம்மொழி பேசிய ஏழைகளையே பஞ்சம் மிகுதியாக வாரிக்கொண்டு போனது மற்றொரு காரணம். மூன்றாவது காரணம் வீட்டுக்குள் நிகழ்ந்தது. ஆங்கிலம் இருந்தால்தான் வேலை, ஆங்கிலம் இருந்தால்தான் கப்பல் ஏறிப் பிழைக்கலாம் என்று பெற்றோரே குழந்தைகளிடம் ஐரிஷ் பேசுவதை நிறுத்தினார்கள். குழந்தையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டி, அது ஐரிஷ் பேசும்போதெல்லாம் ஒரு வெட்டுப் போட்டு, வெட்டுக்கு ஏற்பப் பள்ளியில் அடி கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் இருந்தது. வெட்டைப் போட்டுப் பள்ளிக்கு அனுப்பியவர்களில் பெற்றோரும் உண்டு. பிள்ளையின் நன்மைக்கென்று எண்ணியே அவர்கள் அதைச் செய்தார்கள். 1922-ல் தன்னாட்சி பெற்ற நாடு, அன்று முதல் பள்ளிதோறும் அம்மொழியைக் கற்பித்து வருகிறது. 2022 கணக்கில் 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஐரிஷ் பேசத் தெரியும் என்றார்கள். பள்ளிக்கு வெளியே நாள்தோறும் பேசுபவர்கள் சுமார் 72,000 பேர்தான். வீடு கைவிட்டதைப் பள்ளியால் பெயர்ப்பலகை அளவுக்கே மீட்க முடிந்திருக்கிறது. நம் மொழிக் குடும்பத்தின் தனித்தன்மையை 1856-ல் ஒப்பிலக்கணம் எழுதி நிலைநாட்டிய கால்டுவெல், இத்தீவின் வடபகுதியிலுள்ள ஆன்ட்ரிம் மாவட்டத்தில் பிறந்தவர் என்பதும் அப்போது எங்கள் நினைவுக்கு வந்தது.

புறப்படுவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, ஐவரும் டாக்கி ரயிலடியில் வண்டிக்காகக் காத்திருந்தோம். பேத்தி பலகையிலுள்ள இரு பெயர்களையும் உரக்கப் படித்துவிட்டு, "பாட்டி, நம் மொழியில் இதை எப்படி எழுதுவது?" என்று கேட்டாள். பாட்டி பையிலிருந்த நூலகச் சீட்டின் பின்புறம் 'டாக்கி' என்று எழுதிக் காட்டினாள். குழந்தை அதைப் பார்த்து எழுதத் தொடங்கினாள். அருகிலிருந்த மகள் மெல்லச் சொன்னாள்: "எனக்கும் எழுதிக் காட்டு, அம்மா. எனக்கும் தெரியாதே."

அவள் மாடுங்காவில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழே பேசியவள். சங்கத்தின் ஞாயிறு வகுப்பு எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி நடந்தது. பரீட்சை, டியூஷன், மேற்படிப்பு என்று காரணம் சொல்லி, எழுத்துப் படிக்க நாங்கள் அவளை அனுப்பவில்லை. எவரும் எங்களைக் குச்சி கட்டச் சொல்லவில்லை, நாங்களாகவே விட்டுவிட்டோம். பெரியவரின் கடிதத்தில் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதிய நாங்கள், ஓரத்திலிருந்த அந்த ஒரு வரிக்குப் பதில் எழுதவே இல்லை.

இப்போது ஞாயிறுதோறும் தொலைபேசியில் முகம் பார்த்துத் தாயும் மகளும் எழுத்துப் படிக்கிறார்கள். பேத்தி வேகம், மகளுக்குப் பணிக்களைப்பு. பாதி வகுப்பில் கண் சொக்கிவிடுவாள். நாற்பது வயதில் தொடங்குவது எளிதாக இல்லை. ஞாயிறு வகுப்பு பக்கத்திலேயே நடக்கும் பேறு பெற்ற அன்பர்கள் பிள்ளைகளை இவ்வாரமே அனுப்பிவைத்தால், இக்கட்டுரை எழுதிய பயன் எங்களுக்குக் கிட்டும்.

சென்ற மாதம் மகள் தன் கையால் எழுதிய முதல் கடிதம் வந்தது. பெரியவரின் கேள்விகளை நாங்கள் அவளிடம் சொல்லியிருந்தோம். அவற்றுக்கு வரிசையாகப் பதில் எழுதியிருக்கிறாள். "ரயிலடி பக்கம். காய்கறி பாதி கிடைக்கும். வைத்தியர் உண்டு. பல்லிக்கூடம் நல்லது." எழுத்துப் பிழையைத் திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.